கட்டை விரலில் ஒரு பந்தயம்

மோட்டார் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டுமானால் முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? "வேகமாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்" என்பீர்கள். அமெரிக்காவில் 'டிராக்' பந்தயம் ஓட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "அசையாமல் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்பார்!

வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் விஷயம் விளையாட்டல்ல. ஐந்நூறு குதிரை சக்தி கொண்ட எஞ்சினை முழு மூச்சில் அலற விட்டுக்கொண்டு, வண்டியை மட்டும் ஓர் அங்குலங்கூட நகராமல் நிறுத்தி வைக்க வேண்டும். உரிய கணத்தில் அவிழ்த்து விட வேண்டும். இந்த வித்தைக்கென்றே ஒரு சாதனம் இருக்கிறது. அதன் பெயர் 'ட்ரான்ஸ்பிரேக்'. அதை வண்டியில் எப்படிப் பொருத்துகிறார்கள், மின்சார ஒயர்களை எப்படி இணைக்கிறார்கள், ஒரே ஒரு ஒயர் கழன்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பார்க்கலாம், வாருங்கள்.

கால் மைல் களம்

டிராக் பந்தயத்தில் வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. நூல் பிடித்தாற்போல் ஒரு நேர்ப் பாதை. நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி. (மிக மிக வேகமான வண்டிகளுக்கு மட்டும் 2008-லிருந்து 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள்.) இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று புறப்படும். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

1950-ம் வருஷம் கலிபோர்னியாவில் ஸாண்டா ஆனா விமான நிலையத்தில் இந்தப் பந்தயங்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்கின. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்தார். 1955-ல் கான்ஸாஸ் மாகாணத்தில் கிரேட் பெண்டு என்ற ஊரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதுவும் விமான நிலையத்தில்தான்!

அந்த நாளில் நடுவில் ஒருவர் நின்று கொடியை வீசுவார், வண்டிகள் கிளம்பும். 1963-ல் கொடிக்காரரின் இடத்துக்கு ஒரு விளக்குக் கம்பம் வந்தது. பல நிற விளக்குகள் இருப்பதால் அதற்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று செல்லப் பெயர். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடிக்கு ஒன்றாக எரியும். இன்னும் அரை விநாடியில் பச்சை. அதற்கு முன்பே வண்டி கோட்டை விட்டு நகர்ந்தால் சிவப்பு எரியும், பந்தயம் போயிற்று! தாமதித்தாலும் ஆபத்துதான். விநாடியை ஆயிரம் கூறு போட்டு அல்லவா கணக்குப் பார்க்கிறார்கள்!

கால் பிரேக் ஏன் போதாது?

"பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் எஞ்சின் பலசாலியாக இருந்தால் பின் சக்கரங்கள் பிரேக்கை மீறிச் சுழன்றுவிடும்.

இந்த வண்டிகளில் பலவற்றில் 'ஆட்டோமாடிக்' கியர் பெட்டி இருக்கிறது. க்ளட்ச் மிதி கிடையாது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, எண்ணெய் நிறைந்த ஓர் உருண்டைப் பாத்திரம். 'டார்க் கன்வர்ட்டர்' என்பார்கள். இரண்டு மின்சார விசிறிகளை எதிரும் புதிருமாக வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக் கொண்டால் கன்வர்ட்டர் விளங்கிவிடும். இரண்டாவது விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி பாட்டுக்கு ஓடும் அல்லவா? அப்படிப் பிடிக்கும் கைதான் ட்ரான்ஸ்பிரேக்!

அது பிடிக்கிற விதம் ரசமானது. முதல் கியரையும் ரிவர்ஸ் கியரையும் ஒரே சமயத்தில் மாட்டி விடுகிறது. வண்டிக்கு முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு பூட்டி இரண்டையும் விரட்டினால் வண்டி எங்கே போகும்? நின்ற இடத்திலேயே நிற்கும். பின் மாட்டின் கயிற்றைச் சட்டென்று அறுத்துவிட்டாலோ, முன் மாடு இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ட்ரான்ஸ்பிரேக் செய்வதும் இதைத்தான்.

எண்ணெய் வழிகள்

கியர் பெட்டியின் அடித் தட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தால், உள்ளே ஓர் உலோகப் பலகை தெரியும். அதன் மேல் எறும்புப் புற்றைப்போல வளைந்து வளைந்து எண்ணெய் ஓடும் வழிகள். 'வால்வு பாடி' என்பது இதுதான். எந்தக் கியருக்கு எண்ணெய் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மூளை இது. பழைய மூளையை எடுத்துவிட்டு, ட்ரான்ஸ்பிரேக் வைத்த புது மூளையைப் பொருத்துகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1950-ல் கொண்டு வந்த 'பவர்கிளைடு' என்னும் இரண்டு வேகக் கியர் பெட்டி இதற்குப் பெயர் பெற்றது. அதைச் செய்வது 1973-ல் நின்றுபோன பிறகும் பந்தயக்காரர்கள் அதை விட்டபாடில்லை.

இந்த வேலையில் சுத்தம் முக்கியம். கந்தல் துணியால் துடைத்து, ஒரு நூலிழை உள்ளே தங்கிவிட்டாலும் வால்வு ஒட்டிக் கொள்ளலாம். ஆணிகளை ஒன்றை முறுக்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை கோணிக்கொள்ளும். ரிவர்ஸ் கியரின் க்ளட்ச் தட்டுகளும் வலுவாக இருக்க வேண்டும். எஞ்சினின் பலத்தையெல்லாம் தாங்கி நிற்கப் போவது அவைதானே!

விட்டால் பாயும்

இனி மின்சாரம். வால்வைத் தள்ளுவதற்கு 'ஸோலினாய்டு' என்று ஒரு மின்காந்தம் இருக்கிறது. பாட்டரியிலிருந்து புறப்படும் 12 வோல்ட் மின்சாரம் பியூஸ் வழியாக ஒரு பிரதான ஸ்விட்சுக்கு வருகிறது, அங்கிருந்து ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானுக்கு, பொத்தானிலிருந்து ஸோலினாய்டுக்கு. ஸ்டியரிங் திரும்பும்போது ஒயர் அறுந்துவிடாமல் இருக்க, பழைய டெலிபோன் ஒயரைப்போல் சுருள் சுருளான ஒயரைப் போடுகிறார்கள்.

பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை காந்தம் வேலை செய்யும், வண்டி நிற்கும். கட்டை விரலை எடுத்தால் காந்தம் செத்துவிடும், ரிவர்ஸ் கியரின் எண்ணெய் மளமளவென்று வடிந்துவிடும், வண்டி பாயும்.

இங்கேதான், வாசகர்களே, நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் வீட்டில் விசிறி நிற்கும், மாவரைக்கும் யந்திரம் நிற்கும். இந்த வண்டியிலோ மின்சாரம் நின்றால் வண்டி கிளம்பிவிடும்! பியூஸ் போனாலும் சரி, ஒயர் கழன்றாலும் சரி, ஓட்டுகிறவர் விரும்பாமலே ஐந்நூறு குதிரைகளும் அவிழ்ந்துகொள்ளும். எதிரே ஒரு மெக்கானிக் குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால்தான் இந்த ஒயர் வேலையில் சிக்கனம் கூடாது என்கிறார்கள். ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். புகைக் குழாய்க்கு அருகில் போகக் கூடாது. சூட்டில் மேலுறை உருகிவிடும். 'எர்த்' கொடுக்கும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகே ஒயரை முடுக்க வேண்டும். இணைப்பு நன்றாக இல்லாவிட்டால் காந்தம் சோனியாகிவிடும். வண்டி மெல்ல மெல்ல நகர்ந்து சிவப்பு விளக்கை வாங்கிக் கட்டிக் கொள்ளும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. விரலை எடுக்கும் கணத்தில் காந்தச் சுருளிலிருந்து ஒரு மின் அலை திரும்பிப் பாயும். அதனால் எழும் தீப்பொறி பொத்தானின் உட்புறத்தை நாளடைவில் அரித்துவிடும். அதை அடக்க 'டயோடு' என்னும் சின்னஞ்சிறு பொருளைச் சேர்ப்பதுண்டு. அதற்குத் திசை உண்டு. தலைமாற்றிப் பொருத்தினால் பியூஸ் காலி!

பொருத்தியாயிற்று. உடனே முழு வேகத்தில் சோதிக்கலாமா? கூடவே கூடாது. முதலில் எஞ்சினை ஓட விடாமல் பொத்தானை அழுத்தி, 'டிக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு வண்டிக்கு முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, முதல் கியர் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு கால் பிரேக்கை விடுவார்கள். வண்டி அசையாவிட்டால் வேலை சரி.

அப்புறமும் இரண்டு விதிகள் உண்டு. பிடித்து நிறுத்துவது சில விநாடிகளுக்கு மேல் போகக் கூடாது. எஞ்சினின் சக்தி முழுவதும் எண்ணெயைக் கலக்குவதிலேயே செலவாவதால் எண்ணெய் கொதித்துப் போகும். ஓடும் வண்டியில் பொத்தானைத் தொடவும் கூடாது. கியர் பெட்டி சட்டென்று பூட்டிக்கொண்டு நொறுங்கலாம்.

காலடியில் இருக்கும் பெட்டி

கியர் பெட்டி நொறுங்குவது சில்லறை விஷயமல்ல. அது இருப்பது ஓட்டுகிறவரின் காலருகில். 1970 மார்ச் 8-ம் தேதி கலிபோர்னியாவில் லயன்ஸ் பந்தயக் களத்தில் நடந்ததைக் கேளுங்கள். புகழ்பெற்ற பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் புறப்பட்ட மாத்திரத்தில் அவர் வண்டியின் கியர் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டாயிற்று. அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அந்த விபத்துக்கும் ட்ரான்ஸ்பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சுழலும் இரும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கார்லிட்ஸ் சோர்ந்துவிடவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்து ஒரு வண்டி கட்டத் திட்டம் போட்டார். 1971-ல் அதே வண்டியில் பொமோனா நகரில் வெற்றி பெற்றார். பிறகு அந்த அமைப்பே மற்றவர்களுக்கும் வழியாயிற்று. இன்று வேகமான வண்டிகளில் ஆட்டோமாடிக் கியர் பெட்டிக்குக் கவசம் போட வேண்டும் என்பது விதி.

பந்தய நாளன்று கட்டை விரல் பொத்தானை அழுத்தியிருக்கிறது. எஞ்சின் அலறுகிறது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள்... பச்சை வரட்டும் என்று ஓட்டுகிறவர் காத்திருப்பதில்லை. மனிதனின் விரலும் வண்டியின் சக்கரமும் அசைவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும் அல்லவா? கடைசி மஞ்சளைக் கண்டதுமே விரலை எடுத்துவிடுகிறார். வண்டி கோட்டைத் தாண்டும்போது பச்சை எரிகிறது!

பார்க்கிறவர்கள் விரலை மெச்சிக் கொள்கிறார்கள். அனுபவசாலியான மெக்கானிக் மட்டும், வண்டி திரும்பி வந்து எஞ்சின் அணைந்ததும், கீழே குனிந்து அந்த ஒயரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக் கொள்கிறார்.