கணினிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்…

‘அரசு அங்கீகாரம் பெற்றது, மூன்றே மாதத்தில் சான்றிதழ், வேலை உறுதி!’ கல்லூரி வாசல்களில் இப்படி நோட்டீஸ் நீட்டுகிறார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, கணினிச் சான்றிதழ் தேவைப்படும் பல்கலைக்கழகப் பணியாளர்களும் அதை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது, சான்றிதழ் தருவது யார் என்பதைத்தான். தமிழ்நாடு அரசின் தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். தனியார் மையம் பாடம் சொல்லித் தரலாம். அந்தச் சான்றிதழைத் தர முடியாது. ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரையைப் பார்த்தும் மயங்காதீர்கள். அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான தரச்சான்று. பாடத்துக்கான அரசு அங்கீகாரம் அல்ல.

காசு கொடுக்காமலே கற்கவும் வழி உண்டு. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் பாடங்கள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ லிப்ரே ஆபீஸ் போன்றவற்றைத் தமிழிலேயே கற்றுத் தருகிறது. மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் இருக்கிறது.

தனியார் மையத்தில்தான் சேர்வதென்றால், துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தருவதை ஏற்காதீர்கள். மையத்தின் பெயர், முகவரி, தேதியுடன் ரசீது கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், ஆளுக்கொரு கணினி உண்டா, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கவே வேண்டாம்.

சொன்னபடி நடக்கவில்லையா? முதலில் மையத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆன்லைன் வகுப்பு என்று சொல்லிப் பணத்தைச் சுருட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினமாகிவிடும்.

உங்கள் கல்லூரியே அறிவித்த கட்டணத்துக்கு மேல் கேட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க் குழுவில் முறையிடலாம். தீர்வு திருப்தி தராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வாசலில் கொடுத்த நோட்டீஸை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ‘வேலை உறுதி’ என்று அவர்களே அச்சடித்த அந்தத் தாள், ரசீதோடு சேர்ந்து உங்கள் பக்கம் நிற்கும் வலுவான சாட்சி.