நீரிறைக்கும் இயந்திரத்தின் தடுமாற்றம்: காரணங்களும் பரிகாரங்களும்

கிணற்று நீரை நம்பிப் பயிரிடும் கமக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரம் இன்றியமையாத கருவியாகும். வெங்காயம் பருக்குங் காலத்திலோ, மிளகாய் பூக்குங் காலத்திலோ இரண்டொரு நீர்ப்பாய்ச்சல் தவறினும் விளைச்சல் குறைந்துவிடும். இயந்திரம் முற்றாக நின்றுபோவதற்கு முன்னர் பெரும்பாலும் ஓர் அறிகுறியைக் காட்டும். வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடவிடும்போது அது குலுங்கும், விட்டுவிட்டு வெடிக்கும், அல்லது அணைந்துவிடும். இவ்வறிகுறியை அசட்டை செய்யலாகாது.

இந்நிலையிற் பலர் முதலிற் செய்வது, காபுரேற்றரிலுள்ள திருகாணியைத் திருப்பி வேகத்தைக் கூட்டுவதேயாகும். இது நோயை விட்டு நோயின் குறியை மறைப்பதாகும். நேற்றுவரை சீராக ஓடிய இயந்திரத்தின் திருகாணி இன்று தானாகத் திரும்புவது அரிது. பழுது வேறோரிடத்தில் உண்டு. ஆகவே, செலவில்லாத சோதனைகளை முதலிற் செய்து, திருகாணியை இறுதியிலேயே தொடுதல் வேண்டும்.

மெதுவோட்டத்தில் நிகழ்வது யாது?

காபுரேற்றர் காற்றையும் எரிபொருளையும் உரிய அளவிற் கலந்து இயந்திரத்துக்கு அனுப்புகின்றது. இயந்திரம் வேகமாக ஓடும்போது எரிபொருள் பெரிய துளை வழியாக வருகின்றது. மெதுவாக ஓடும்போதோ, ஊசிமுனை போன்ற மிகச் சிறிய துளை வழியாகவே வருகின்றது. எனவே, சிறு தூசியும் பழைய பெற்றோலின் பிசினும் முதலில் அடைப்பது இச்சிறு துளையையே. வேகத்திற் சீராக ஓடும் இயந்திரம் மெதுவோட்டத்தில் மட்டும் தடுமாறுமாயின், இத்துளையையே முதலில் ஐயுறலாம். இரு நிலைகளிலும் தடுமாறுமாயின், எரிபொருள், காற்று வடி, பிளக் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும்.

சோதனை செய்யும் முறை

இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிக்கும்போது பம்பியில் நீர் நிரம்பியிருத்தல் வேண்டும். நீரின்றி ஓடவிட்டால் பம்பியின் உள்ளேயுள்ள நீரடைப்பு வெப்பத்தாற் பழுதடையும். ஏதேனும் ஓர் உறுப்பைக் கழற்றுவதாயின், இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். பெற்றோலைக் கையாளும் இடத்திற்கு அண்மையில் விளக்கோ, பீடியோ, சுருட்டோ இருத்தலாகாது.

1. எரிபொருள்: காபுரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி, எரிபொருளிற் சிறிதளவைக் கண்ணாடிப் போத்தலொன்றில் ஏந்துக. நீர் கலந்திருப்பின் அது குமிழ்களாக அடியில் தங்கும். அவ்வாறாயின் தாங்கியையும் கிண்ணத்தையும் வெறுமையாக்கிப் புதிய எரிபொருளை இடுக. பல மாதங்கள் கலனில் வைத்திருந்த பெற்றோல் பிசின்படியும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பெற்றோலைச் சேமித்து வைத்தனர்; அவ்வழக்கம் இன்னும் இருப்பின் அதனைக் கைவிடுதல் நன்று. இயந்திரம் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின்னர் சோர்ந்தால், தாங்கியின் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க. ஓட்டம் சீராயின், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளது என அறியலாம்.

2. காற்று வடி: சோளகக் காற்று வீசுங் காலத்தில் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் புழுதி காற்று வடியை விரைவில் அடைத்துவிடும். காற்றுக் குறைந்தால் எரிபொருள் மிகும், கரும்புகை வெளிவரும். பஞ்சு வடியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, இயந்திர எண்ணெயிற் சில துளிகள் இட்டுப் பிழிந்து பூட்டுக. கடதாசி வடியைக் கழுவலாகாது. மெதுவாகத் தட்டித் தூசியை அகற்றலாம். மிகவும் அழுக்கேறியிருப்பின் மாற்றுக. வடியின்றி இயந்திரத்தை ஒருபொழுதும் ஓட்டலாகாது. புழுதி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

3. பிளக்: பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தை நோக்குக. இளங்கபிலமாயின் நன்று. உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகை. எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருப்பின் இயந்திர எண்ணெய் சிலிண்டருள் வருகின்றது. வெளிறியிருப்பின் எரிபொருள் குறைவு, அல்லது வெப்பம் மிகை. முனையைத் துப்புரவு செய்து இடைவெளியை அளக்க. தற்காலச் சிறு பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையாகும். எனினும் கைந்நூலிற் கூறிய அளவே முடிவானது.

4. காற்றுக் கசிவு: காபுரேற்றர் இயந்திரத்துடன் பொருந்தும் இடத்திலுள்ள ஆணிகள் அதிர்வினால் தளர்வதுண்டு. அவ்விடத்தின் வழியே வேண்டாத காற்று புகுந்தால் ஓட்டம் ஏறியிறங்கும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது அப்பொருத்தின்மீது இயந்திர எண்ணெயைத் துளிதுளியாக இடுக. ஓசை மாறுமாயின் கசிவு அவ்விடத்திலேயே உள்ளது. ஆணிகளை ஒருசீராக இறுக்குக. பயனில்லையேல் இடையிலுள்ள அடைதகட்டை மாற்றுக. இச்சோதனைக்குப் பெற்றோலைப் பயன்படுத்தலாகாது.

5. சிறு துளை: மேற்கூறியவற்றாற் பயனில்லையேல் காபுரேற்றரைக் கழற்றிச் சிறு துளையைப் புதிய பெற்றோலிற் கழுவிக் காற்றடித்துத் துப்புரவாக்குக. கம்பியால் குத்துதல் கூடாது. துளை சற்றே பெருத்தாலும் எரிபொருள் என்றும் மிகையாகவே வரும்.

6. திருகாணி: இவையாவும் செய்தபின், இயந்திரம் சூடேறிய நிலையில், கைந்நூலிற் கூறிய வேகம் வரும்வரை திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புக. முன்னிருந்த நிலையைக் குறித்துக்கொள்ளல் நன்று. அதன் பின்னும் தடுமாற்றம் நீங்காதாயின், வால்வு இடைவெளியையும் சிலிண்டரின் அமுக்கத்தையும் பொறிவல்லுநரொருவர் சோதித்தல் வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள்

பெற்றோலிற் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரத்துக்குத் தனிக்கவனம் தேவை. மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். மெதுவோட்டத்தில் இயந்திரம் குளிர்வதால் அது நன்கு ஆவியாகாது தடுமாற்றத்தை உண்டாக்கும், இது பழுதன்று. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெயின் மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் மணம் வீசுமாயின் உடனே எண்ணெயை மாற்றுக. இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. அப்போது கிண்ணத்திற் பெற்றோல் நின்று, மறுமுறை தொடக்குவது எளிதாகும்.

கிணற்றினுள் இயந்திரத்தை இறக்கலாகாது

தரையிலிருக்கும் பம்பி, நடைமுறையில் ஏறக்குறைய 7 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து நீரை நன்கு உறிஞ்சமாட்டாது. ஆதலால் கோடையில் நீர்மட்டம் தாழும்போது சிலர் இயந்திரத்தையே கிணற்றினுள் இறக்குகின்றனர். அங்கு அது தடுமாறினால், அதனைச் சரிசெய்ய ஒருவர் உள்ளே இறங்குகின்றார். இந்நாட்டில் இவ்வாறு உயிரிழந்தோர் பலர். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் கலைந்து போகாது தங்கிச் சில நிமிடங்களில் மனிதனை நினைவிழக்கச் செய்யும். சீராக ஓடாத இயந்திரம், அதிலும் கரும்புகை கக்குவது, இவ்வாயுவை மிகுதியாக வெளியேற்றும்.

நீர் தாழ்ந்த கிணறுகளுக்கு நீரினுள் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியே ஏற்றது. கிணற்றினுள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்குவதற்கு மற்றொருவர் இறங்குதலாகாது, அவரும் வீழ்வார். அயலாரை அழைத்து மேலிருந்து கயிற்றினால் தூக்க முயல்க. 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழைக்குக.

நீர்ப்பாய்ச்சல் முடிந்து இயந்திரத்தை நெடுநாள் வைக்கும்போது தாங்கியையும் கிண்ணத்தையும் வெறுமையாக்கி, வடியைத் துப்புரவு செய்து, உலர்ந்த இடத்தில் வைக்குக. இச்சிறு வேலை அரைமணி நேரத்துக்குள் முடியும். அடுத்த போகத்தின் முதல் நீர்ப்பாய்ச்சலும் தடையின்றி நடைபெறும்.