கணினி மீட்டமைப்பு

கணினி மீட்டமைப்பு (சிஸ்டம் ரெஸ்டோர்) என்பது பழுதுற்ற கணினியின் இயங்குதளத்தை, அது ஒழுங்காக இயங்கிய முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் வசதி ஆகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் எம்.இ. இயங்குதளத்தில் இது முதன்முதலாக இடம்பெற்றது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி வழியாகவே வீட்டுக் கணினிகளில் பரவியது. தமிழ்நாட்டில் பழுதான கணினியைக் கடையில் கொடுத்து "ஃபார்மட்" செய்வது பெருவழக்கு. அவ்வாறு செய்தால் சி பிரிவில் உள்ள படங்களும் ஆவணங்களும் இயங்குதளத்தோடு சேர்ந்து அழிந்துவிடும். பல வேளைகளில் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

இயங்கும் முறை

விண்டோஸ் அவ்வப்போது தன் நிலையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. இக்குறிப்பு மீட்டெடுப்புப் புள்ளி எனப்படும். புதிய மென்பொருள், வன்பொருள் இயக்கி, இற்றைப்படுத்தல் ஆகியவற்றை நிறுவுமுன் இது தானாக உருவாகும். பயனரும் விரும்பியபோது உருவாக்கலாம். இயங்குதளக் கோப்புகளும், அமைப்புகள் அனைத்தையும் தாங்கிய பதிவகமும் (ரெஜிஸ்ட்ரி) இதில் அடங்கும். எக்ஸ்பியில் குறிப்பிட்ட வகைக் கோப்புகள் மட்டுமே கண்காணிக்கப்பட்டன. விஸ்டா முதல், வன்தட்டுப் பிரிவின் நிழற்படி எடுக்கும் முறை பயன்படுகிறது.

வன்தட்டில் இடம் குறைந்தால் பழைய புள்ளிகள் முதலில் நீக்கப்படும். எக்ஸ்பியில் வெற்றிடம் 50 மெகாபைட்டுக்குக் கீழ் இறங்கினால் வசதியே நின்று, எல்லாப் புள்ளிகளும் அழிந்தன. திரைப்படங்களால் வன்தட்டை நிரப்பியவர்கள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. எம்.இ. பதிப்பில் இதைவிட வேடிக்கையான வழு ஒன்று இருந்தது: 2001 செப்டம்பர் 8 க்குப் பின் உருவான புள்ளிகளுக்குத் திரும்ப இயலவில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

மீளாதவை

இவ்வசதி இயந்திரத்தை மீட்குமே அன்றி, பயனரின் உழைப்பை மீட்காது. தட்டச்சு செய்த கட்டுரை, ஒளிப்படம், மின்னஞ்சல் ஆகியவை மீட்டமைப்புக்குப் பின்னும் இருந்தபடியே இருக்கும். தவறுதலாக அழித்த ஆவணத்தை இதன்மூலம் திரும்பப் பெறலாம் என எண்ணுவது தவறு. மாறாக, புள்ளிக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். எடுத்துக்காட்டாக, தமிழ்த் தட்டச்சுக்கான இ-கலப்பையை நேற்று நிறுவியவர் கடந்த வாரத்துக்குத் திரும்பினால் அதை மீண்டும் நிறுவவேண்டும். அதில் எழுதிய கோப்பு அப்படியே இருக்கும். வன்தட்டே பழுதானால் இவ்வசதியால் பயனில்லை, ஏனெனில் புள்ளிகளும் அதே தட்டில்தான் உள்ளன.

நச்சுநிரல்களுக்கும் இது முழுத் தீர்வன்று. எக்ஸ்பி காலத்தில் மீட்டெடுப்புப் புள்ளிக்குள்ளேயே நச்சுநிரல் தங்கிவிடுவதுண்டு. அப்பகுதியை எதிர்ப்பு மென்பொருளால் தூய்மையாக்க இயலாததால், மீட்டமைப்பு வசதியையே நிறுத்திப் புள்ளிகளை அழிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

தேனி மாவட்டச் சூழலில்

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கு நெல்லுக்கும் திராட்சைக்கும் பெயர்பெற்ற வேளாண் பகுதி. இங்குப் பல வீடுகளுக்கு முதல் கணினியாக வந்தது, 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினியே. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இத்தகைய இரட்டை இயங்குதளக் கணினியில் விண்டோஸின் மீட்டமைப்பு லினக்சுப் பகுதியைத் தொடுவதில்லை. எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது எனக் கேட்கும் பட்டியல் கெட்டுப்போனாலும் இது அதைச் சரிசெய்யாது.

மீட்டமைப்பு நடைபெறும்போது மின்சாரம் நின்றால் இயங்குதளம் தொடங்கவே இயலாத நிலை ஏற்படலாம். 2012 இல் சென்னைக்கு வெளியே மாவட்டங்கள் பலவும் நீண்ட மின்வெட்டைச் சந்தித்தன. முல்லைப் பெரியாற்று நீரால் இயங்கும் லோயர்கேம்ப் புனல்மின் நிலையம் இப்பள்ளத்தாக்கிலேயே இருந்தும், தேனி மாவட்டம் அதற்கு விலக்காகவில்லை. மடிக்கணினிக்கு மின்கலம் காப்பாகும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். இல்லாதபோது இப்பணியைத் தொடங்காதிருப்பதே நன்று.

பயன்படுத்தும் முறை

தொடக்கப் பட்டியில் உள்ள தேடல் பெட்டியில் "ரிஸ்டுரூயி" (ஆர்-எஸ்-டி-ஆர்-யு-ஐ) என ஆங்கிலத்தில் தட்டினால் இது திறக்கும். கணினி தொடங்கவே மறுத்தால் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவற்றில் எஃப்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் நுழையலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மாற்று விசையை (ஷிஃப்ட்) அழுத்தியபடி "ரீஸ்டார்ட்" தேர்ந்தால் பழுதுநீக்கப் பட்டியல் வரும். விண்டோஸ் 10 முதல் பல கணினிகளில் இவ்வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருப்பதால், கணினி நன்றாக உள்ளபோதே "சிஸ்டம் புரொடெக்‌ஷன்" பகுதியில் சி பிரிவுக்கு இதை இயக்கிவைக்க வேண்டும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில், 2025 சூன் இற்றைப்படுத்தலுக்குப் பின், புள்ளிகள் 60 நாட்கள் வரை மட்டுமே வைக்கப்படுகின்றன.