சுழியம் சொல்வது என்ன?

எழுதப்பட்ட குறிப்பைப் படித்துச் செயல்படுவது நெடுங்காலம் மனிதருக்கு மட்டுமே உரிய திறனாக இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவும் அவ்வாறு செயல்படுகிறது. அதற்குரிய குறிப்பை எழுதுவோர்க்கு மொழித்தெளிவு இன்றியமையாதது. அதனைத் தோல் தொழில் சார்ந்த ஓர் எடுத்துக்காட்டின் வழியே அறிவோம்.

பாலாற்றுப் படுகை

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியன தோல் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள். இங்குப் பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடப்படுகிறது. அதனைப் பதனிடக் குரோமியச் சேர்மங்கள் பயன்படுகின்றன. இவை கலந்த கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் விளைநிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கியது என அத்தீர்ப்பு உரைத்தது.

இப்பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீர் மீட்கப்படுகிறது. எஞ்சும் உவர்நீர் ஆவியாக்கப்பட்டு உப்பாகிறது. கழிவுநீரை வெளியே விடாத இம்முறையைச் ‘சுழிய நீர்ம வெளியேற்றம்’ என்பர். தோல் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழிற்சாலைகள் உணர்விகளைப் பொருத்தி, அளவீடுகளை இணையவழி அனுப்ப வேண்டும் என்று 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்தது.

முகவரும் கருவியும்

இத்தகைய நிலையத்தின் இயந்திர நலத்தைக் கண்டறிய ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர் அமர்த்தப்படுவதாகக் கொள்வோம். முகவர் என்பது, கேட்கப்பட்ட வினாவிற்கு விடை காணத் தேவையான கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் மென்பொருள். இங்குக் கருவி என்பது உணர்வியின் பதிவைப் பெற்றுத்தரும் சிறு நிரல். முகவர் குழாயையும் மின்கம்பியையும் கண்டதில்லை. கருவியின் பெயரும் அதனுடன் எழுதப்பட்ட விளக்கமுமே அதற்கு வழிகாட்டி.

ஒரு கருவிக்கு, ‘வெளியேற்ற அளவைத் தரும்’ என்று மட்டும் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. “நேற்றிரவு கழிவுநீர் வெளியேறியதா?” என மேலாளர் வினவுகிறார். கருவி 0 என விடையளிக்கிறது. முகவரும் ‘வெளியேறவில்லை’ என்கிறது. ஆனால், அளவியின் இணைப்பு அறுந்தாலும் அக்கருவி 0 என்றே காட்டும் எனில், அவ்விடையை எங்ஙனம் நம்புவது? சுழியமே இலக்காக உள்ள இடத்தில் நற்செய்தியும் பழுதும் ஒரே எண்ணாய்த் தோன்றுகின்றன.

நன்னூல் காட்டும் அளவுகோல்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துள்ளார். மேற்கண்ட விளக்கத்தில் உள்ளது குன்றக் கூறல் என்னும் குற்றம். முதலில், அளவி பழுதுற்றால் 0 என்னாது ‘பதிவு இல்லை’ எனத் தருமாறு கருவியைத் திருத்த வேண்டும். பின்னர் அதன் விளக்கத்தைப் பின்வருமாறு எழுதலாம்:

‘இறுதி வெளியேற்றக் குழாயில் கடந்த நீரின் அளவை, மணிக்கு எத்தனை கன மீட்டர் எனத் தரும். தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகிய இரண்டையும் தருக. 0 என்பது நீர் செல்லவில்லை எனப் பொருள்படும். அளவி இயங்காத நேரத்திற்குப் ‘பதிவு இல்லை’ என வரும். அதனை 0 எனக் கொள்ளற்க. உப்பின் அளவை அறிய இக்கருவி உதவாது. இது பதிவைப் படிக்கும், எதனையும் மாற்றாது.’

பயன், அலகு, உள்ளீடு, விடையின் பொருள், எல்லை, விளைவு ஆகிய ஆறும் இதில் அடங்கியுள்ளன. இதனுடன் நிலையத்தின் வரலாற்றையும் சேர்த்தால் அது மிகைபடக் கூறலாகும். வேண்டிய செய்தி அதனுள் மறைந்துவிடும். ஒரு கருவிக்கு ‘நிலை அறிக’ என்றும் மற்றொன்றிற்கு ‘நிலைமை காண்க’ என்றும் பெயரிடுவது மயங்க வைத்தலாகும். ‘படிக்க மட்டும்’ என்று விளக்கிவிட்டு அடைப்பிதழைத் திறக்கும் ஆற்றலையும் அதே கருவிக்கு அளிப்பது மாறுகொளக் கூறலாகும். அடைப்பிதழைத் திறக்கத் தனிக் கருவியும் மனிதரின் ஒப்புதலும் தேவை.

எழுதிய விளக்கத்தை, நிலையத்தை அறியாத ஒருவரிடம் படிக்கத் தந்து, ‘இதனை எப்போது பயன்படுத்துவீர்? எப்போது தவிர்ப்பீர்?’ எனக் கேட்க வேண்டும். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். சுழியத்தைத் தவறாகப் பொருள்கொண்டால் கசிவு கண்டறியப்படாமல் போகலாம். அதன் விளைவை அருகிலுள்ள கிணற்று நீரைப் பருகுவோர் ஏற்க நேரிடும்.