வயது வந்தோர் மனத்தில் ஆங்கிலச் சொல் தங்கும் விதம்

வயது வந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கையில் முதலில் எழும் கேள்வி, எந்தச் சொற்களை முன்னே வைப்பது என்பது. மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்பட்டியலில் சுமார் 2000 தலைச்சொற்கள் உண்டு. சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் இவற்றுக்குள் அடங்கிவிடும். நாவலையும் நாளிதழையும் தடையின்றி வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் கிளை வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என 2006இல் கணக்கிட்டார் நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன். வேலை முடிந்து வந்து படிப்பவருக்கு முதல் இரண்டாயிரமே பெரிய மூலதனம்.

இலங்கை மலையகத்தில், தலைவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே ரயில் பாதையில் உள்ள வட்டகொடை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இந்தப் படிப்பு வெறுங்கையோடு தொடங்குவதில்லை. பெரட்டு, லயன், செக்ரோல், டிவிசன், ஸ்டோர் ஆகியவை கொழுந்து பறிப்பவரின் அன்றாடப் பேச்சில் கலந்த ஆங்கிலச் சொற்கள். ஆனால் பொருள் இடம்மாறியிருக்கிறது. அணிவகுப்பைக் குறித்த பரேட் (parade) என்ற சொல், காலையில் வேலை பிரிக்கக் கூடும் பெரட்டாகிவிட்டது. தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ஆங்கிலத்தில் அது கடை அல்லது களஞ்சியம். லயன் (line) இங்கே குடியிருப்பு வரிசை. நுவரெலியா ஹோட்டலில் வேலைக்குச் சேர்பவருக்கு அதே சொல் ஆட்கள் நிற்கும் வரிசையாகவும் தொலைபேசி இணைப்பாகவும் வரும். ஒலி பழகியதுதான், எழுத்தையும் புதிய பொருளையும் சேர்த்தால் போதும். வளர்ந்தவர் முன் ஆப்பிளையும் பந்தையும் நீட்டும் பாடநூல்கள் இந்தக் கையிருப்பை வீணாக்குகின்றன.

ஒரு காலத்தில் மலையகத்தில் வேலைக்காக இன்னொரு மொழியின் சொற்களைப் படித்தவர்கள் தோட்டங்களை நிர்வகித்த துரைமார். தொழிலாளரின் பேச்சுத் தமிழை அவர்களுக்குக் கற்பிக்க டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 1915இல் 'கூலித் தமிழ்' என்ற கைநூலை வெளியிட்டார். தலைப்பிலேயே இழிவு இருக்கிறது. ஆயினும் வேலைக்கு வேண்டிய பேச்சிலிருந்து தொடங்கும் முறை சரியானது. அது தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் உரியது.

சொல்லைத் தேர்ந்த பின் அதை நினைவில் நிறுத்த வேண்டும். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் காட்டினார். ஆகவே மறுநாள் ஒருமுறை, சில நாள் கழித்து ஒருமுறை, பின்னர் இன்னும் இடைவெளி விட்டு அதே சொல்லுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் விதமும் முக்கியம். மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, பாராமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே ஒரு வாரத்துக்குப் பிறகு கூடுதலாக நிலைக்கிறது என்பது உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் தமிழும் மறுபக்கத்தில் ஆங்கிலமும் எழுதி, ஆங்கிலத்தை மறைத்துச் சொல்லிப் பார்க்க எந்தச் செலவும் இல்லை.

பாடநூல்கள் செய்யும் இன்னொரு பிழை, ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் அடுக்குவது. அப்படிப் படித்தவை ஒன்றோடொன்று குழம்புகின்றன என்பதை ஆய்வாளர் டிங்காம் 1993இல் சோதித்துக் காட்டினார். கத்தி, கரண்டி, முள்கரண்டி மூன்றையும் சேர்த்துப் படித்தவர் மேசையருகே தடுமாறுவார். விருந்தினர் வருகிறார், அறை கேட்கிறார், வெந்நீர் கேட்கிறார் என்ற நிகழ்வோட்டத்தில் வரும் சொற்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. இடம், வலம் போன்ற எதிர்ச்சொற்களிலும் ஒன்று உறுதியான பிறகே மற்றது வர வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் மாலை வகுப்பு நடத்துவோர் முதல் வாரப் பட்டியலைப் பாடநூலில் தேட வேண்டாம். படிப்பவர் வாயில் ஏற்கெனவே உள்ள சொற்களையும், அவர் போகவிருக்கும் வேலையின் சொற்களையும் கேட்டு எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.