அடுத்த வீட்டுக் குடமும் நிறைய வேண்டும்

கேளம்பாக்கம் உப்பளங்களால் பெயர் பெற்ற ஊர். கிழக்கே உப்பங்கழி; அதற்கப்பால் வங்கக் கடல்; அருகே தையூர் ஏரி. இத்தகைய ஊரில் ஒரு குடம் நீருக்காக மக்கள் காத்து நிற்கும் நாளும் வரும் என்று முன்னோர் எண்ணியிருப்பரோ? 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நாள் வந்தது.

2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூன் திங்களில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. சென்னை நகருக்கு நாள்தோறும் வழங்கப்பட்ட ஏறத்தாழ 83 கோடி லிட்டர் நீர் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் இரயிலில் வந்து சேர்ந்தது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ, குழாய் நீரே எட்டாத வீடுகள் பல. லாரி வந்தால்தான் உலை ஏறும் என்னும் நிலை.

அந்த லாரி நீர் எங்கிருந்து வந்தது? அது வானத்திலிருந்து இறங்கியதன்று. சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் இறைக்கப்பட்ட நீர் அது. கடலோர நிலத்தில் நன்னீர் நிலத்தடியில் நின்று, உப்புநீர் உட்புகாமல் தடுத்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அத்தடை தளர்ந்து, கடல் நீர் உள்ளே நகர்கிறது. ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டும். ஆதலால், நம் வீட்டில் வீணாகும் ஒவ்வொரு வாளி நீரும் எங்கோ ஓர் ஏழைக் குடும்பத்தின் கிணற்றிலிருந்து எடுத்த வாளியே. 'காசு கொடுத்தோம், நம் நீர்' என்பது எங்ஙனம் பொருந்தும்?

இதனைப் பிறர்க்கு மட்டும் நாம் கூறவில்லை. முன்னர் நாம் தங்கியிருந்த ஓர் இல்லத்தில், மாடித் தொட்டியின் மிதவை பழுதாகி இரவெல்லாம் நீர் வழிந்ததை அறியாது உறங்கினோம். விடியற்காலையில் கதவைத் திறந்தபோது, தெருக்குழாயடியில் குடங்களோடு நின்ற தாய்மார் நம் முற்றத்து ஈரத்தை நோக்கினர். ஒருவரும் ஒரு சொல் கூறவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மைச் சுடுகிறது.

இனி, இல்லத்தில் செய்யத்தக்கவை சில. சொட்டும் குழாயின்கீழ் ஒரு வாளியை வைத்து, ஒரு நாளில் எவ்வளவு சேர்கிறதென்று காணுங்கள். மறுநாளே பழுது பார்ப்பீர்கள். பூத்தூவிக் குளியலைத் தவிர்த்து, ஒரு வாளியும் குவளையும் கொள்ளுங்கள். அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள். குடிநீரைத் தூய்மைப்படுத்தும் கருவி கழிக்கும் நீரையும், துணி அலசிய நீரையும் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். சேமித்த நீரை இறுக மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை பாத்திரத்தை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையேல் டெங்குக் கொசு அதில் குடியேறும்.

நீர் குறைந்த காலத்தில் சுமை யார் தோள்மேல் ஏறுகிறதென்பதையும் நோக்க வேண்டும். பெரும்பாலும் இல்லத்தரசியும் பெண்மக்களுமே விடியுமுன் எழுந்து குடம் சுமக்கின்றனர். தந்தையரும் ஆண்மக்களும் ஏன் ஒரு குடம் தூக்கலாகாது? குடியிருப்பில் மேல்தளத்தில் தனித்து வாழும் முதியோருக்கு நீர் எட்டிற்றா என்று ஒருவர் கேட்டறிய வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தம் வீட்டில் நீர் உண்டா என்று வினவுவதும் நம் கடனே.

கட்டுப்பாடு இயலாத காரியமன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டினர். மக்கள் பயன்பாட்டைப் பெரிதும் குறைத்தனர். குழாய்களை அடியோடு அடைக்கும் நாள் வாராமற் போயிற்று.

மழைக்கால ஆயத்தமும் வேண்டும். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. 2003ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எனினும் குழாய் பொருத்தியதோடு கடமை முடிந்ததென்று எண்ணினோர் பலர். குப்பையும் மண்ணும் அடைத்த குழியில் நீர் எவ்வாறு இறங்கும்? அக்டோபர் பிறக்குமுன் மாடியைப் பெருக்கி, வடிகட்டியைக் கழுவி, குழியைத் தூர்வாருங்கள்.

நல்ல மழை பெய்த ஆண்டில் இவையெல்லாம் மறந்துபோகும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த இதே பகுதிதான், நான்கு ஆண்டுகள் நிறையுமுன் நீருக்கு அலைந்தது. ஆகவே கிணறு நிறைந்திருக்கும்போதே சிக்கனத்தைப் பழகுவோம். இன்றிரவு உறங்கச் செல்லுமுன், வீட்டிலுள்ள குழாய்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.