கணினிச் சேவைகளின் அமைப்புப் பிழையும் அதனைத் திருத்தும் நெறியும்

கணினியை இயக்குவோன் திரையிற் காணும் செயலிகள் சிலவே. அவன் கண்ணிற் படாது பின்னணியில் நின்று, அச்சிடவேண்டிய ஆவணங்களை வரிசைப்படுத்தியும், ஒலியைச் செலுத்தியும், வலைத்தொடர்பைப் பேணியும் இடையறாது தொழிற்படுவன மிகப் பல. இவற்றை விண்டோஸ் முறைமையிற் சேவைகள் என வழங்குவர். யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் இவற்றின் பெயர் ‘டீமன்’ என்பதாகும். 1963 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ‘மாக்’ திட்டத்திற் பணியாற்றியோர், மூலக்கூறுகளைப் பிரித்தனுப்புவதாகப் பௌதிகவியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பித்த பூதத்தை நினைந்து இப்பெயரை இட்டனர். நாட்டுக் கதைகளில் வரும் ஏவற்பூதத்தை அறிந்தார்க்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும். அப்பூதம் ஏவியதைக் குறைவறச் செய்யும். ஏவல் பிழைபடின் அப்பிழையையும் குறைவறச் செய்யும்.

விண்டோஸ் முறைமையில், 1993 இல் வெளிவந்த என்.ரி. பதிப்பிலிருந்தே, சேவைகளைத் தொடக்குதலும் நிறுத்தலும் ‘சேர்விஸ் கொன்ட்ரோல் மனேஜர்’ என்னும் உறுப்பின் தொழிலாகும். ஒரு சேவை எப்பொழுது தொடங்குதல் வேண்டும், எக்கணக்கின் உரிமையோடு இயங்குதல் வேண்டும், வேறெச்சேவைகளைச் சார்ந்து நிற்கின்றது என்னும் மூன்றும் ‘றெஜிஸ்ட்ரி’ எனப்படும் பதிவேட்டிற் பொறிக்கப்பட்டுள்ளன. தொடங்கும் வகை அங்கு ஓர் எண்ணாக நிற்கும். 2 எனின் தானாகத் தொடங்குவது. 3 எனின் வேண்டும்பொழுது தொடங்கப்படுவது. 4 எனின் முடக்கப்பட்டது. மூன்றாவதற்குக் ‘கைமுறை’ எனப் பெயரிட்டமை மயக்கத்துக்கு இடமாயிற்று. அச்சேவையை மனிதனே கையாற் தொடக்கவேண்டும் என்பது அதன் பொருளன்று. பிறிதொரு செயலி அழைப்பினும் அது எழும். இதனை அறியாது, கைமுறையாயுள்ளவற்றை எல்லாம் தானியங்கியாக மாற்றிப் புதிய பிழைகளை உண்டாக்குவோரும் உளர்.

பிழை எவ்விடத்தது என்பதைக் கணினி கூறும் எண்ணே பெரும்பாலும் காட்டிவிடும். 1058 என்பது அச்சேவை முடக்கப்பட்டுள்ளமையைக் குறிக்கும். 2021 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அச்சுவரிசைச் சேவையாகிய ‘பிரின்ட் ஸ்பூலர்’ வழியாகக் கணினியைக் கைப்பற்றும் குறையொன்று வெளிப்பட்டபொழுது, அச்சேவையை நிறுத்தி முடக்குதல் தற்காலிகக் காப்பாகும் என மைக்ரோசொப்ட் அறிவித்தது. அவ்வாறு முடக்கியவர், திருத்தம் வந்தபின்னும் அதனை மீட்க மறப்பின், அச்சுப்பொறி பழுதுபட்டதென்றே பிறர் கருதுவர். பொறியிற் குற்றம் இராது. 1069 என்பது கணக்குப் பிழை. ஒருவருடைய கணக்கில் இயங்கும் சேவை, அவர் கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் பழையதையே வைத்திருக்கும். கணினியை மீளத் தொடக்கும் நாளிலேயே அது நின்றுபோகும். ஆகவே காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிற் பல வாரங்கள் கழிந்திருத்தல் கூடும்.

1068 என்பதே ஆராய்ச்சியை வேண்டுவது. ஒலிச்சேவை தொடங்காது இவ்வெண்ணைக் காட்டின், குற்றம் ஒலிச்சேவையில் இல்லை. அது சார்ந்துள்ள ‘ஓடியோ என்ட்பொயின்ட் பில்டர்’ போன்ற பிறிதொன்றில் உளது. சேவையின் பண்புப் பெட்டியிற் சார்புகளைக் காட்டும் பகுதியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கீழிறங்கி, நின்றுபோன அடிச்சேவையைக் கண்டு அதனையே முதலில் எழுப்புதல் வேண்டும். நிகழ்வுப் பதிவேட்டில் 7001 என்னும் எண்ணுடைய குறிப்பு, எது எதனால் நின்றது என்பதைப் பெயர் சுட்டியே உரைக்கும்.

இச்சார்புகளின் அடியில் நிற்பது ‘ஆர்.பி.சி.’ எனப்படும் சேவை. மிகப் பல சேவைகள் இதனைச் சார்ந்தவை. சேவைகளின் பட்டியலில் இதன் தொடங்கும் வகையை மாற்ற இயலாதவாறு அடைத்து வைத்துள்ளனர். எனினும் வேகம் கூட்டும் ஆசையாற் பதிவேட்டினுள் நேரே புகுந்து எண்ணை மாற்றுவார்க்கு அவ்வடைப்புத் தடையன்று. வாளாவிருக்கும் சேவையை முடக்குவதாற் கிட்டும் வேகம் மிகச் சிறிது. இழப்போ கணினி முழுதும். பாதுகாப்புமுறையிற் தொடக்குதலும் ஈண்டு உதவாது. அம்முறை தனக்கென வகுத்த பட்டியலிலுள்ள சேவைகளை மட்டும் அனுமதிக்குமேயன்றி, 4 எனக் குறிக்கப்பட்டதை எழுப்பாது.

அந்நிலையில், நிறுவல் வட்டிலிருந்தோ மீட்புச் சூழலிலிருந்தோ கணினியைத் தொடக்கி, உறங்கும் விண்டோஸின் ‘சிஸ்டம்’ என்னும் பதிவேட்டுக் கோப்பை வேறொரு பெயரில் ஏற்றுதல் வேண்டும். ஏற்றியபின் வழமையான ‘கறன்ட் கொன்ட்ரோல் செற்’ என்னும் கிளை அங்கே காணப்படாது. அது கணினி இயங்கும்பொழுது தோன்றும் நிழலே. ‘செலெக்ட்’ என்னும் கிளையிலுள்ள எண் 1 எனின் 001 என முடியும் தொகுதியும், 2 எனின் 002 என முடிவதும் உண்மையானது. அத்தொகுதியில் உரிய சேவையைக் கண்டு, அதே பதிப்புடைய நல்ல கணினியொன்றிலுள்ள எண்ணை நோக்கி, 4 இருந்த இடத்தில் அதனை இட்டு, ஏற்றிய கோப்பை இறக்கியபின் மீளத் தொடக்கினால், அடிச்சேவை எழ, அதனைச் சார்ந்தனவும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்.